மஞ்சக்குப்பம் வாசிப்பு மையத்தின் மாலைக் கலந்துரையாடல்: ஒரு மதிப்புரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் வாசிப்பு மையம் நடத்தும் மாலைக் கலந்துரையாடலுக்கு என் மகளுடன் சென்றிருந்தேன். பயங்கரவாதம் கல்வியை என்ன செய்கிறது என்பதே அன்றைய பொருள். பேசவந்த ஆசிரியர், கென்யாவின் கரிசா பல்கலைக்கழகத்தில் 2015 ஏப்ரல் 2 அன்று 148 பேர் கொல்லப்பட்டதைச் சொன்னதோடு நிறுத்தாமல், அவ்வளாகம் 2016 ஜனவரி வரை மூடிக் கிடந்ததையும், உயிர் தப்பிய மாணவர்களில் பலர் எல்டோரெட் நகரிலுள்ள மோய் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டதையும் விளக்கியபோது அரங்கில் ஒருவரும் அசையவில்லை. 2014 டிசம்பரில் பாகிஸ்தானின் பெஷாவர் நகரப் பள்ளியொன்றில் 130க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்ட பின், அந்த மாகாணத்தில் ஆசிரியர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தரப்பட்டது. சாக்பீஸ் பிடிக்கும் கைக்கு அப்படியொரு நிலை வந்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பெரிய குறை கேள்வி நேரத்தில்தான். ஒருவர் ஒரு மதத்தினர் அனைவரையும் குற்றவாளிகளாக்கிப் பேசியபோது, நடத்துநர் மறுத்துச் சொல்லாமல் நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார். முன்வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருந்த இரு கல்லூரி மாணவியர், அதுவரை ஆர்வத்துடன் குறிப்பெடுத்தவர்கள், நோட்டை மூடி வைத்துவிட்டனர். மனம் மிகவும் வலித்தது.

நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். இருக்கை வசதி போதுமானது. கேள்வி நேரத்தை நெறிப்படுத்தத் தனியாக ஒருவரை அமர்த்தும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கும் செல்வோம்.