நாற்பக்கக் கட்டை, உருளைக் கம்பம், டவ்டெயில்: வீட்டுப் பட்டறை லேத்துக்கு எந்த டூல் ஹோல்டர்?

சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வீட்டுப் பட்டறையில் நிறுத்தியவர்கள் முதலில் சலித்துக்கொள்வது பெரும்பாலும் அதனுடன் வந்த, வெட்டும் டூலைப் பிடித்து நிறுத்தும் டூல் போஸ்ட்டைப் பற்றித்தான். டூலை மாற்றும்போதெல்லாம் தகரத் துண்டுகளைத் தேடி அடியில் செருகி, முனையைச் சென்டர் உயரத்துக்கு (வேலைத் துண்டு சுழலும் அச்சின் உயரம்) கொண்டுவந்து, திருகுகளை இறுக்கிய பின் உயரம் மாறியிருப்பதைக் கண்டு மறுபடியும் தொடங்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதற்கு மாற்றாகச் சொந்தமாகச் செய்துகொள்ளத் தக்கவை மூன்று: நான்கு பக்கமும் டூல் பிடிக்கும் கட்டை, உருளைக் கம்பத்தைக் கவ்விப் பிடிக்கும் பிளவுக் கட்டை, டவ்டெயில் (புறாவால் போல் அடியில் விரிந்த சரிவுப் பள்ளம்) வழியே சட்டென்று மாற்றக்கூடிய ஹோல்டர். வளையத்தின் மேல் படகு போன்ற துண்டை வைத்து ஒரே திருகால் டூலை அழுத்தும் பழைய வகையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் டூலைச் சாய்த்துத்தான் உயரத்தைச் சரிசெய்ய முடியும் என்பதால், உயரத்தைத் தொட்டால் ரேக் கோணமும் (டூலின் மேல்முகச் சாய்வு) கூடவே மாறிவிடுகிறது.

சென்டர் உயரத்தில் அரை மில்லிமீட்டர் பிசகு பெரிதா என்று கேட்பவர்களுக்கு விடை வேலைத் துண்டின் விட்டத்தில் இருக்கிறது. 50 மி.மீ. விட்டமுள்ள தண்டில் டூல் முனை அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் ரேக் கோணம் ஏறத்தாழ 1.15 பாகைதான் குறைகிறது, 10 மி.மீ. தண்டிலோ அதே பிசகு 5.7 பாகையை விழுங்கிவிடும். முனை சென்டரில் இருப்பதாக எண்ணி 10 மி.மீ. விட்டத்துக்கு டூலை நகர்த்தினால் கிடைப்பது 10.05 மி.மீ. ஆக, சிறிய துண்டுகளையே அதிகம் கடையும் வீட்டுப் பட்டறைக்குத்தான் உயரத்தை எளிதாகத் திருத்தும் வசதி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆனால் தேர்வைத் தீர்மானிப்பது இந்த வசதி மட்டுமன்று. உங்களிடம் மில்லிங் இயந்திரம் (சுழலும் கட்டரால் வெட்டுவது) இருக்கிறதா, லேத் மட்டும்தானா என்பதே என் பார்வையில் முதல் கேள்வி. லேத்தில் வைத்தே துளையிட்டுக் குடையக்கூடிய ஹோல்டர் தன் துல்லியத்தை அந்த லேத்திலிருந்தே பெற்றுக்கொள்கிறது. டவ்டெயிலுக்கு வேறோர் இயந்திரத்தின் துல்லியத்தை இரவல் வாங்க வேண்டும்.

நாற்பக்கக் கட்டையின் பெரும்பலம் அதன் விறைப்பு. டூல் டாப் ஸ்லைடின் (போஸ்ட் அமரும் நகரும் மேடை) நேர் மேலே அமர்வதால் வெட்டு விசை நேராகக் கீழே இறங்குகிறது. இதை லேத்திலேயே செய்துவிடலாம். சதுரக் கட்டையின் நடுவில் துளையிட்டு டாப் ஸ்லைடில் பூட்டி, ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் தண்டு) 20 மி.மீ. எண்ட் மில்லை (பள்ளம் வெட்டும் உருளைக் கட்டர்) பிடித்துக் கிராஸ் ஸ்லைடை (டாப் ஸ்லைடைத் தாங்கிக் குறுக்கே நகரும் பகுதி) நகர்த்தினால், வெட்டப்படும் பள்ளத்தின் தரை சென்டரிலிருந்து மிகச் சரியாக 10 மி.மீ. கீழே அமையும், 10 மி.மீ. டூலுக்கு அதுவே வேண்டிய உயரம். இத்தனை பெரிய கட்டரைச் சிறிய லேத் முனகாமல் ஏற்காது என்பதால், வெட்டின் ஆழத்தை மிகக் குறைவாக வைத்துப் பலமுறை ஓட்ட வேண்டும். எண்ட் மில்லை மூன்று தாடைச் சக்கில் (ஸ்பிண்டிலில் பொருத்தும் பிடிப்பான்) பிடிப்பதையும் தவிர்ப்பது நல்லது. அதன் கடினமான தண்டைத் தாடைகள் உறுதியாகப் பற்றுவதில்லை, வெட்டும்போது கட்டர் மெல்ல வெளியே இழுபட்டுப் பள்ளம் கோணலாகிவிடும். தண்டைச் சுற்றிலும் இறுகப் பற்றும் பிளவு வளையமான காலெட் வேண்டும். இவ்வளவு செய்தும், டூலின் மேல்முகத்தைச் சாணை பிடித்தவுடன் தகரத் துண்டுகள் திரும்பி வந்துவிடுகின்றன. இக்கட்டையின் தீராத குறை அதுதான்.

நார்மன் வகை என்று வழங்கும் உருளைக் கம்ப முறையையே லேத் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பேன். 25 முதல் 32 மி.மீ. வரை விட்டமுள்ள எஃகுக் கம்பம் ஒன்று டாப் ஸ்லைடில் நிமிர்ந்து நிற்கிறது. துளையும் பிளவும் கொண்ட கட்டை அதன்மேல் இறங்கி, ஒரே திருகின் இறுக்கத்தில் கம்பத்தைக் கவ்விக்கொள்கிறது. கட்டையின் வழியே செங்குத்தாகச் செல்லும் 6 மி.மீ. திருகொன்று டாப் ஸ்லைடின் மேல் ஊன்றி நின்று உயரத்தை நிர்ணயிக்கிறது. கம்பம் வெறும் கடைசல் வேலை. கட்டையின் துளை நான்கு தாடைச் சக்கில் பிடித்துக் குடைகிற வேலை. துளை கம்பத்தைவிட 0.02 முதல் 0.05 மி.மீ. வரை பெரிதாக இருந்தால் கட்டை வழுக்கி இறங்கும், இறுக்கும்போது சுற்றளவு முழுவதும் பற்றும். அதற்கு மேல் தளர்ந்தால் இரண்டு கோடுகளில் மட்டுமே பிடித்து, கனமான வெட்டில் கட்டை சுழன்றுவிடும். கம்பத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தாலும் இதே கதிதான்.

வேலை வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. இறுக்கும் திருகுக்கான துளையை இட்டு மரை வெட்டி முடித்த பிறகுதான் ஹேக்ஸாவால் கட்டையைப் பிளக்க வேண்டும். நான் முதல் கட்டையில் அவசரப்பட்டு முதலில் பிளந்துவிட்டேன். டிரில் பிளவுக்குள் இறங்கியதும் ஒருபக்கமாக விலகி முறிந்து, உள்ளேயே தங்கிவிட்டது. 8 மி.மீ. திருகு என்றால், கட்டை முழுவதையும் 6.8 மி.மீ. டிரிலால் துளைத்து, திருகின் தலை அமரும் பாதியை மட்டும் 8 மி.மீ.க்குச் சற்று மேல் அகலப்படுத்தி, எஞ்சிய பாதியில் மரை வெட்டுவது போதும்.

டூல் அமரும் பள்ளத்தையும் கட்டையை அதன் சொந்தக் கம்பத்தில் ஏற்றியே வெட்டலாம் என்பது இம்முறையின் அழகு. கட்டை ஏறி இறங்கக்கூடியது என்பதால், 10 அல்லது 12 மி.மீ. கட்டரே போதும், ஒருமுறை ஓட்டி, கட்டையைச் சிறிது உயர்த்தி மறுமுறை ஓட்டினால் வேண்டிய அகலம் கிடைத்துவிடும். போரிங் பாருக்கான (துளையின் உட்புறம் குடையும் நீள டூல்) கட்டை இன்னும் எளிது: ஸ்பிண்டிலிலிருந்தே டிரிலும், துளையைச் சீராக்கும் ரீமரும் ஓட்டினால், துளை தானாகவே ஸ்பிண்டில் அச்சுக்கு இணையாகவும் சென்டர் உயரத்திலும் அமைந்துவிடுகிறது. இதை மற்ற இரு வகைகளிலும் செய்யலாம்தான்.

உருளைக் கம்பத்தின் குறை கோணம். கட்டையைத் தளர்த்திய கணத்தில் அது எந்தத் திசையில் நின்றது என்பது போய்விடுகிறது. சாதாரணக் கடைசலுக்கு இது பொருட்டன்று; பார்ட்டிங் (துண்டை அறுத்துப் பிரித்தல்), மரை வெட்டுதல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் கட்டையின் பக்கத்தைச் சக்கின் முகத்தோடு ஒட்டவைத்து நேர்ப்படுத்த வேண்டும். பழகியவருக்கு இது அரை நிமிட வேலை என்றாலும், ஒரே துண்டில் ஐந்தாறு டூல்களை மாறி மாறி எடுப்பவருக்கு எரிச்சலூட்டும்.

அப்படிப்பட்டவருக்கு உரியது டவ்டெயில் ஹோல்டர். உயரத்தை ஒருமுறை நட்டில் பூட்டிவிட்டால், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் உயரமும் கோணமும் அப்படியே திரும்பி வருகின்றன. இங்கே என் கருத்து சற்றுப் பிளவுபட்டது: போஸ்ட்டை வாங்குவது, ஹோல்டர்களை மட்டும் செய்வது. போஸ்ட்டில் உள்ள ஆப்பு அல்லது பிஸ்டன் பொறிமுறையைச் செய்ய ஆகும் உழைப்பில் எட்டுப் பத்து ஹோல்டர்களைச் செய்து முடிக்கலாம். வாங்கும் போஸ்ட்டுகளில் ஆப்பு வகை ஹோல்டரைத் தன் முகத்தோடு இழுத்து அணைப்பதால் விறைப்பு அதிகம். ஆனால் டவ்டெயிலின் அகலம் ஆப்பின் ஓட்டத்துக்குள் அடங்க வேண்டும். பிஸ்டன் வகை ஹோல்டரை வெளியே தள்ளிப் பக்கச் சரிவுகளில் பிடிக்கிறது. விறைப்பில் ஒரு படி குறைந்தாலும், கைவேலையின் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்கிறது.

ஹோல்டர்களைத் தனித்தனியே வெட்டுவதைவிட, நீளமான பட்டையில் ஒரே ஓட்டமாக டவ்டெயிலை வெட்டிவிட்டுப் பின்னர் துண்டுகளாக அறுப்பது சிக்கனம். முதலில் சாதாரண எண்ட் மில்லால் நடுப்பள்ளத்தை முழு ஆழத்துக்கு எடுத்துவிட வேண்டும். 60 பாகை டவ்டெயில் கட்டரின் கூர்முனைகள் நொய்மையானவை, அவற்றைச் சரிவுகளுக்கு மட்டுமே பயன்படுத்தினால்தான் நிலைக்கும். குளிர்நிலையில் இழுத்த எஃகுப் பட்டையைத் தவிர்க்கச் சொல்வேன். அதன் மேற்தோலில் உறைந்திருக்கும் அழுத்தம் ஒருபக்கம் மட்டும் வெட்டப்படும்போது விடுபட்டு, பட்டை வில்லாக வளைகிறது. சூட்டில் உருட்டிய எஃகில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. அலுமினியம் வெட்டுவதற்குச் சுகமானதுதான், ஆனால் அதன் விறைப்பு எஃகின் மூன்றில் ஒரு பங்கே. அடிக்கடி இறுக்கும் திருகுகளின் மரையும் விரைவில் தேய்ந்துவிடும்.

அகலத்தை அளக்க, இரு மூலைகளிலும் ஒரே விட்டமுள்ள உருளைப் பின்களை வைத்து அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைப் பார்ப்பதே நம்பகமான வழி. போஸ்ட்டோடு வந்த ஹோல்டரில் அதே பின்களை வைத்துக் கிடைக்கும் எண்ணே இலக்கு. மாதிரி ஏதும் இல்லையென்றால், பள்ளத்தின் அடியில் கூர்மூலைகளுக்கு இடையே உள்ள அகலத்திலிருந்து பின் விட்டத்தின் 2.732 மடங்கைக் கழிக்கலாம், 8 மி.மீ. பின்களுக்குக் கழிக்க வேண்டியது 21.86 மி.மீ.

டவ்டெயிலின் வசதிக்கு விலை உண்டு. ஹோல்டர் போஸ்ட்டுக்கு வெளியே தொங்குவதால் டூல் முனை டாப் ஸ்லைடின் தாங்கலைவிட்டு முன்னே போய்விடுகிறது. வெளியே நீட்டியிருக்கும் டூலின் வளைவு நீளத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுவதால், டூலையும் நீளமாக விட்டால் சிறிய லேத்தில் பார்ட்டிங்கின்போது அதிர்வு உடனே காதில் விழும். கிராஸ் ஸ்லைடில் டி வடிவப் பள்ளங்கள் இருக்குமானால், பார்ட்டிங்கை மட்டும் பின்பக்கப் போஸ்ட்டுக்கு மாற்றி, டூலைத் தலைகீழாகப் பொருத்துவதே என் தேர்வு. அங்கே டூல் வளைந்தாலும் வேலைத் துண்டைவிட்டு விலகுகிறதேயன்றி அதற்குள் பாய்வதில்லை. ஸ்பிண்டிலும் வழக்கமான திசையிலேயே சுழல்வதால், மரையில் ஏற்றிய சக் கழன்றுவிடும் அச்சமும் இல்லை.

எந்த வகையைப் பொருத்தினாலும் அடிமுகம் ஒழுங்காக அமர வேண்டும். அடிமுகத்தின் நடுப்பகுதியைச் சிறிதளவு குழித்து விளிம்புகள் மட்டும் தொடும்படி விட்டு, நீலச்சாயம் தடவி ஒற்றிப் பாருங்கள். டாப் ஸ்லைடில் ஸ்டட்டை (போஸ்ட்டை இறுக்கும் மரைத் தண்டு) சுற்றி மெல்லிய மேடு எழும்பியிருப்பதைப் பல பழைய லேத்துகளில் காணலாம். அதை அரத்தால் தணிக்காமல் மேலே எந்தக் கட்டையை வைத்தாலும் அது ஆடத்தான் செய்யும். கடைசியாக உயரத்தைப் பார்க்க, வேலைத் துண்டுக்கும் டூல் முனைக்கும் இடையே மெல்லிய எஃகு அளவுகோலை மெதுவாக நெருக்கிப் பிடிக்கவும்: மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, துண்டின் பக்கம் சாய்ந்தால் உயர்வு, நிமிர்ந்து நின்றால் நட்டைப் பூட்டிவிடலாம்.