வீட்டு நீச்சல் குளம்: உப்பா, ஹைப்போவா, மாத்திரையா?

குளத் தண்ணீருக்குக் குளோரின் தர மூன்று வழி: உப்பு, ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்), குளோரின் மாத்திரை. உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று எண்ணி வாங்காதீர்கள். உப்பை மின்பகுத்து அதே குளோரினைத்தான் செல் (கருவியில் மின்தகடுகள் உள்ள பகுதி) தயாரிக்கிறது. கேன் தூக்கும் வேலை மட்டும்தான் இல்லை. உப்பு அளவு சுமார் 3,200 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு); கடலில் 35,000. நாக்கில் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வீடு ஒன்றைக் கணக்குக்கு எடுப்போம். 50,000 லிட்டர் குளம், போர் தண்ணீர், நாள் முழுக்க வெயில். தினம் 2 பிபிஎம் குளோரின் கரைந்தால், ஈடுகட்ட 100 கிராம் வேண்டும்.

மாத்திரை சுலபம். ஆனால் அது தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேரும், மாதத்துக்கு 36. வெயிலிலிருந்து குளோரினைக் காக்க இந்த அமிலம் கொஞ்சம் தேவைதான். மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டியதும் குளோரின் மந்தமாகி, டெஸ்ட் கிட்டில் அளவு சரியாக இருந்தும் தண்ணீர் பச்சை பிடிக்கும். பாதித் தண்ணீரை வெளியேற்றி டேங்கர் அழைப்பதே வழி. ஊருக்குப் போகும் ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை போதும்.

ஹைப்போ நேர்மையான சரக்கு. 10 சதவீதக் கரைசல் தினம் ஒரு லிட்டர், மாலையில், பம்ப் ஓடும்போது. மே மாத வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்தால் வீரியம் வேகமாக இறங்கும். பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். இரண்டு நாள் ஊற்ற மறந்தாலும் பாசி வந்துவிடும்.

என் ஓட்டு உப்புக்கே, தண்ணீரின் கடினத்தன்மை இடம் கொடுத்தால். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

செல்லுக்குள் எதிர்முனைத் தகட்டை ஒட்டி பிஎச் மிகவும் ஏறும். தண்ணீரிலுள்ள கால்சியம் அங்கே வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். மின்னோட்டம் குறைந்ததும் கருவி 'உப்பு போதவில்லை' என்று காட்டும். அதை நம்பி மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவதுதான் வழக்கமான தவறு. முதலில் செல்லைக் கழற்றிப் பாருங்கள்.

குளத்தில் கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் வரை இருக்கலாம். வினை எல்லாம் தினசரி நிரப்பும் தண்ணீரில். 35 சதுர மீட்டர் பரப்பில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 175 லிட்டர் போகும். 500 பிபிஎம் கடினத்தன்மையுள்ள போர் தண்ணீரால் அதை ஈடுகட்டினால் மாதம் 50 பிபிஎம் ஏறும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, கால்சியம் குளத்திலேயே தங்கிவிடும். ஆகவே நிரப்பும் குழாய்க்கு மட்டும் ஒரு சாஃப்ட்னர் (கடினத்தன்மை நீக்கி) போடுங்கள், அல்லது மழைநீரைப் பயன்படுத்துங்கள். பிஎச் தானாக ஏறிக்கொண்டே போகும்; வாரம் இருமுறை பார்த்து, 7.6-ஐ ஒட்டி வைக்க அமிலம் சேருங்கள். மொத்தக் காரத்தன்மை (பிஎச் அல்ல, தனி அளவு) 60 முதல் 80 பிபிஎம் இருந்தால் ஏறும் வேகம் குறையும்.

படிவு நீக்க: பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் (அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல), 10 முதல் 15 நிமிடம், நுரை நின்றதும் எடுத்துவிடுங்கள். கம்பி வைத்துச் சுரண்டினால் டைட்டானியத்தின் மேலுள்ள ருத்தீனியப் பூச்சு போய்விடும். அதற்குப் பின் அது வெறும் தகடு. செல்லின் ஆயுள் ஏறக்குறைய 10,000 மணி நேரம், அதாவது தினம் 8 மணி நேரத்துக்கு மூன்றரை ஆண்டு. ஒவ்வொரு அமிலக் குளியலும் அதில் கொஞ்சம் தின்னும் என்பதால், கடின நீரில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. மூன்று மாதத்துக்குள் மறுபடி கழுவ நேர்ந்தால் கோளாறு தண்ணீரில்தான்.

வாங்கும்போது பெட்டியில் எத்தனை லிட்டர் குளத்துக்கு என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, மணிக்கு எத்தனை கிராம் குளோரின் என்று பாருங்கள். மணிக்கு 20 கிராம் தரும் செல் 60 சதவீதத்தில் 8 மணி நேரம் ஓடினால் 96 கிராம். ஆரம்பத்தில் 160 கிலோ உப்பு. போர் தண்ணீரில் ஏற்கெனவே உள்ள உப்பை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். அயோடினும் கட்டிபடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தும் இல்லாத உப்பாக இருக்கட்டும். முழுக்கக் கரையும் வரை செல்லை ஓட்டாதீர்கள்.

உப்பு கெடுக்கக்கூடியவை இருந்தால், அதாவது கரையில் மணற்கல் பதித்திருந்தாலோ, 304 ரக எஃகு ஏணி இருந்தாலோ, பேக்வாஷ் (ஃபில்டர் கழுவும்) தண்ணீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போனாலோ ஹைப்போவோடு நிற்பதே நல்லது.

உப்புக் குளத்துக்கும் ஒரு கேன் ஹைப்போ கைவசம் வேண்டும், அமிலக் கேனுக்கு எட்டாத இடத்தில். ஐப்பசி மழையில் குளம் வழிந்து உப்பு நீர்த்துப்போகும், மின்சாரமும் போகும். அந்த நாட்களில் ஹைப்போதான் கைகொடுக்கும்.