லயன் வீட்டுப் பலகையில் செய்த தோட்டத்துப் பெஞ்சு: பல மழைக்காலங்களுக்குப் பின்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இடிக்கப்பட்ட லயன் வீடுகளின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மரத்தை வாங்கி நான் செய்த நான்கடிப் பெஞ்சு, பல ஆண்டுகளாகக் கூரையில்லாத வாசலில் வெயிலையும் மழையையும் தாங்கிக் கிடக்கிறது. கால்களும் சட்டமும் செங்கால் (chengal) என்னும் மலேசியக் கடின மரம். உட்காரும் பலகைகள் மெராந்தி (meranti) என்னும் இலகுவான மரம்.

செங்கால் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கிறதே தவிர, கரையானும் பூஞ்சையும் அதை அண்டவில்லை. காய்ந்த பின்னும் கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள மரம் என்பதால், முன்கூட்டியே துளையிடாமல் ஸ்குருவை முடுக்கினால் ஸ்குருதான் முறியும். துருப்பிடிக்காத எஃகு ஸ்குருவையே வாங்குங்கள். பழைய இரும்பாணி இருந்த இடங்களைச் சுற்றி இன்றும் கறுப்புக் கறை தெரிகிறது.

மெராந்தியின் கதை வேறு. பலகைகளின் நடுப்பகுதி உறுதியாகவே இருக்க, சட்டத்தின் மேல் படியும் இடங்களும் அறுத்த முனைகளும்தான் முதலில் மெத்தென்று ஆகின. முனை வழியாக மரம் நீரை வேகமாகக் குடிக்கிறது, சட்டத்தோடு ஒட்டிய இடமோ அக்டோபர், நவம்பர் மழையில் காய்வதற்கு நேரமே பெறுவதில்லை. கெட்ட பலகைகளை மாற்றியபோது முனைகளைச் சாயம் பூசி அடைத்து, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் வளையம் வைத்து, பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விட்டேன். அதற்குப் பிறகு அழுகல் இல்லை. கால்களின் அடியிலும் சிமெண்டுக் கல் இருக்கிறது. பளபளக்கும் வார்னிஷ் இந்த வெயிலில் உரிந்து, உரிந்த இடத்தில் புகுந்த நீரை உள்ளேயே பிடித்து வைத்தது. ஆண்டுக்கொரு முறை தேய்த்து மர எண்ணெய் பூசுவதே எனக்கு நிறைவளிக்கிறது.

தோட்டத்து ஊரில் ரப்பர் மரம்தானே மலிவு என்று கேட்பவர்கள் உண்டு. அது வீட்டுக்குள் வைக்கும் நாற்காலிக்கு ஏற்றது. வெளியே பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடித்துவிடும். பழைய தண்டவாளக் கட்டைகளையும் நான் விரும்புவதில்லை, ஏனெனில் அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்னும் மரக்காப்புத் தார் எண்ணெய் தோலில் படக்கூடாத நஞ்சு. பழைய வீட்டுப் பலகையின் சாயத்திலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரப்படுத்திச் சுரண்டுவது நல்லது.

எடை மட்டும்தான் இன்னும் தொல்லை. வாசலைக் கழுவும் ஒவ்வொரு முறையும் நகர்த்த இருவர் வேண்டியிருப்பதால், அடுத்த பெஞ்சை மூன்றடிக்கு மேல் செய்வதாக இல்லை.