முழு மயக்கமா, முதுகில் ஊசியா?

ஆபரேஷனுக்காக உடலின் கீழ்ப்பாதி மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் இடுப்பு வலி வரும் என்று பயந்து முழு மயக்கமே கொடுங்கள் என அடம்பிடிப்பவர்கள் நிறைய. அந்தப் பயம் வேண்டாம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே செய்யும் ஆபரேஷன்களில்தான் வரும்: இடுப்பு, முழங்கால், குடலிறக்கம், சிசேரியன்.

முழு மயக்கத்தில் பெரிய கவலை மூச்சுப்பாதை. மருந்து ஏறிய ஒரு நிமிடத்துக்குள் நினைவோடு இருமலும் விழுங்கலும் நின்றுவிடுகின்றன, அந்த நேரத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்கிறார்கள். பால் தண்ணீர் கணக்கில் வராது, அதற்கும் 6 மணி நேரம்தான். முதுகு ஊசிதானே என்று சாப்பிட்டுவிட்டுப் போகவும் கூடாது. ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும்.

முதுகு ஊசியில் முதலில் பாதம் சூடாகும், அப்புறம் கால் கனத்துத் தூக்க முடியாமல் போகும். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் சேர்ந்து மரத்துப்போவதால் பிபி இறங்கும். திடீரென்று குமட்டினாலோ தலை சுற்றினாலோ உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள், மருந்து கொடுத்து ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று தலைவலி: உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும். தண்டுவடத் திரவம் ஊசித் துளை வழியே கசிவதால் வருவது இது. 1898இல் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியருக்கே வந்தது. இப்போதுள்ள மெல்லிய ஊசிகளால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சிசேரியன் என்றால், தடை எதுவும் இல்லாதபோது, நான் முதுகு ஊசி பக்கம்தான். முழு மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டை வழியே குழாய் போடுவது கர்ப்பிணிகளுக்குக் கடினம், முதுகு ஊசியில் குழந்தைக்கும் மயக்க மருந்து அதிகம் போகாது.

வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவில் முதுகு ஊசிதான் பாதுகாப்பு என்று வெகுகாலம் நம்பினார்கள். 2021இல் வெளிவந்த, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் நடந்த ஆய்வில், 60 நாளில் இறந்தவர்களும் யார் துணையும் இல்லாமல் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மனக்குழப்பத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இதற்காக வீட்டில் சண்டை போட வேண்டாம்.

அதைவிட முக்கியம் மயக்க மருந்து டாக்டரிடம் எதையும் மறைக்காமல் இருப்பது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் முதுகு ஊசி போட்டால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டலாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா, பயணத்தில் வாந்தி வருமா, சிகரெட் உண்டா என்பதெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வார்டுக்கு வந்த பின், முழு மயக்கத்தில் வாந்தியும் தொண்டை வலியும் சகஜம். முதுகு ஊசியில் சிறுநீர் கட்டிக்கொள்ளலாம், கால் முழுதும் திரும்பும் முன் தனியாகக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. இரண்டிலும், வலிக்கு மார்ஃபின் போன்ற மருந்து கொடுத்திருந்தால் முதல் இரவு பக்கத்தில் இருப்பவர் மூச்சைக் கவனிக்க வேண்டும். கூப்பிட்டும் எழாமல் மெதுவாக, விட்டுவிட்டு மூச்சு வந்தால் அது அசதித் தூக்கமில்லை, அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள்.