விளக்கு வைத்ததும் அறுந்த இணையம்: பவர்லைன் அடாப்டரா, மெஷ் வைஃபையா, லேன் கேபிளா?

மூன்று வாரங்களாக எங்கள் வீட்டு மாடியில் இதே தொல்லை. பகலெல்லாம் இணையம் நன்றாக ஓடும். மாலை ஆறரை மணியானால் வீடியோ உறைந்துவிடும். அலுவலகக் கூட்டத்தில் என் குரல் துண்டு துண்டாகப் போகும். இணைய நிறுவனத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்தார். "சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் சார், அதனால்தான்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

ஒரு நாள் கீழே கூடத்தில், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து வேலை செய்தேன். அதே ஆறரை மணி. இணையம் இம்மியும் குறையவில்லை. அப்போதுதான் உறைத்தது: கோளாறு தெருவில் இல்லை, கூடத்துக்கும் மாடிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே இருந்தது நான் ஆசையாக வாங்கிச் செருகிய பவர்லைன் அடாப்டர் ஜோடி.

இந்தச் சாதனத்தின் யோசனை அழகானது. சுவருக்குள் ஓடும் மின்கம்பியையே இணையக் கம்பியாகவும் பயன்படுத்திக்கொள்வது. கீழே ஒன்றை பிளக்கில் செருகி ரவுட்டரோடு இணைக்கிறோம். மாடியில் இன்னொன்றைச் செருகிக் கணினியோடு இணைக்கிறோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஹோம்பிளக் ஏ.வி. என்ற தரநிலையில் செய்யப்பட்ட அடாப்டர்கள் அதன் மேல் ஏறத்தாழ 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் தரவை ஏற்றி அனுப்புகின்றன. பின்னர் வந்த ஏ.வி.2 வகை 86 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. ஆனால் மின்கம்பி இதற்காக இழுக்கப்பட்டதல்ல. அதில் தொங்கும் ஒவ்வொரு சார்ஜரும், மோட்டாரும், பல்பும் தன் பங்குக்கு மின் இரைச்சலைக் கொட்டுகிறது.

எங்கள் வீட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். யார் வீட்டிலும் இதே வழி உதவும். மாடிக் கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு, அதாவது 192.168.1.1 என்ற எண்ணுக்கு, தொடர்ந்து பிங் ஓடவிட்டேன்; ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை அது. இணையத்துக்கு அல்ல, ரவுட்டருக்கு. வெளியே இருக்கும் கோளாறு எதுவும் இதில் கலக்காது. பதில் 4 மில்லிவினாடியில் வந்துகொண்டிருந்தது. மெயின் பாக்ஸில் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்பதாகத் திட்டம். அதற்குள் கீழிருந்து அம்மா விளக்கேற்றும் மணியோசை கேட்டது. வழக்கம்போல் வாசல் விளக்கையும் போட்டார். திரையில் 4 என்றிருந்தது 380 ஆயிற்று. அடுத்த மூன்று வரிகளுக்குப் பதிலே இல்லை. அடாப்டரின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. "அம்மா, வாசல் விளக்கை ஒரு நிமிடம் அணையுங்கள்" என்று கத்தினேன். அணைத்தார், மீண்டும் 4. போடச் சொன்னேன், மீண்டும் சிவப்பு. "விளக்கு வைக்கிற நேரத்தில் என்னப்பா விளையாட்டு?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அது சாலையோரக் கடையில் வாங்கிய மலிவான எல்.ஈ.டி. விளக்கு. எல்.ஈ.டி. விளக்குகளுக்குள் இருக்கும் சிறு மின்சுற்று மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. தரமான விளக்கில் அந்த இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். விலையைக் குறைக்க முதலில் கைவைப்பதும் அந்த வடிகட்டியில்தான். விளக்கை மாற்றியதும் மாலைக் கோளாறு போய்விட்டது. ஆனால் என் நம்பிக்கையும் போய்விட்டது. நாளை பக்கத்து அறையில் யாராவது ஒரு சார்ஜரைச் செருகினால் மீண்டும் இதே துப்பறியும் வேலையா?

அதனால்தான் மாற்று வழிகளை அக்கறையோடு பார்க்கத் தொடங்கினேன்.

மெஷ் வைஃபையில் ரவுட்டர் அருகே ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி. இரண்டும் காற்றிலேயே பேசிக்கொள்ளும். மின்கம்பியின் இரைச்சல் அதைத் தொடாது. அதன் எதிரி கம்பிக் கட்டுமானம் கொண்ட கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை தளத்தைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் களைத்துவிடுகிறது, 2.4 தாண்டுகிறது, ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீடுகளின் நெரிசலும் அதில்தான். விலை குறைந்த மெஷ் பெட்டிகள் கணினியோடும் கீழ்ப்பெட்டியோடும் ஒரே ரேடியோவில் மாறி மாறிப் பேசுவதால், பெட்டிக்குப் பெட்டி போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் வாங்குவதென்றால் பெட்டியை மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள். தளத்தில் இருக்கும் ஒரே பெரிய திறப்பு அதுதான். தனியே விற்கும் வைஃபை எக்ஸ்டெண்டருக்கும் இதே குறைகள் கூடுதலாகவே உண்டு. அதில் பணம் போட வேண்டாம்.

அமெரிக்க வீடுகளில் டி.வி. கேபிள் வழியாகவே இணையத்தைக் கொண்டுபோகும் மோக்கா என்ற முறை நன்றாக நடக்கிறது. நம் வீடுகளில் அந்தக் கம்பி பெரும்பாலும் டிஷ்ஷிலிருந்து வருவது. டிஷ்ஷின் சமிக்ஞை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. மோக்கா அதற்குள்ளேயே விழுவதால் இரண்டும் ஒரே கம்பியில் ஓட முடியாது.

பவர்லைனும், ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக இழுக்கும் லேன் கேபிளும் நேருக்கு நேர் நிற்கும்போது வித்தியாசம் வேகத்தில் மட்டும் இல்லை. பவர்லைன் பெட்டியில் 600 மெகாபிட் என்று அச்சிட்டிருக்கும். அத்தகைய பலவற்றில் கேபிள் செருகும் துளையே 100 மெகாபிட் வகைதான். எனக்குக் கிடைத்தது நல்ல நேரத்தில் 70, கெட்ட நேரத்தில் 5. லேன் கேபிளில் 100 மீட்டர் வரை 1000 மெகாபிட், காலையிலும் மாலையிலும் அதேதான். அந்த நிதானம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்று நம் ஊர் வீட்டு வயரிங். மும்முனை இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறு ஃபேஸிலும் இருந்தால், அடாப்டர்களின் சமிக்ஞைக்கு நேர்வழி கிடையாது. அருகருகே ஓடும் கம்பிகளுக்கிடையே கசிந்துதான் போக வேண்டும். ஒரு ஃபேஸ் போனதும் நாம் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்புகிறோமே, அந்த நொடியில் நேற்றுவரை வேலை செய்த ஜோடி இன்று படுத்துவிடலாம். இன்வெர்ட்டர் இன்னும் மோசம். ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றொன்று நேர் லைனிலும் இருந்தால், நடுவில் இன்வெர்ட்டரே தடையாக நிற்கும். மின்சாரம் போனால் நேர் லைனில் இருப்பது அணைந்தே போகும். ரவுட்டருக்குத் தனி யு.பி.எஸ். வைத்திருந்தாலும் பயனில்லை. லேன் கேபிளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

ஆகவே கேபிள் இழுத்தேன். 18 மீட்டர், எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. இரண்டு விஷயங்களில் விடாப்பிடியாக இருந்தேன். கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு ரகம் கடைகளில் அதிகம். மின்கம்பி ஓடும் அதே பைப்பில் திணிக்கக் கூடாது, தனிப் பைப். முடித்துச் செருகியபோது கணினி 1000 காட்டாமல் 100 காட்டியது. முனையில் எட்டு இழைகளில் ஒன்று சரியாக அமரவில்லை. வெட்டி, முனையை மறுபடி இறுக்கிப் பொருத்தியதும் (கிரிம்ப்) 1000 வந்தது.

கேபிள் வந்த மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தேன். மாடியில் இருந்த சிறு சுவிட்ச் பெட்டியில் பழைய பவர்லைன் அடாப்டரைக் கழற்றாமலே புதிய கேபிளையும் செருகிவிட்டேன். ரவுட்டரிலிருந்து சுவிட்சுக்கு இரண்டு பாதைகள். தரவு வட்டமடித்துப் பெருகிப் பெருகி, வீடு முழுக்க இணையம் நின்றது. எல்லாத் துளைகளின் விளக்குகளும் ஒன்றாகப் படபடத்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். அடாப்டரை உருவியதும் சரியாயிற்று.

அந்த ஜோடியை நான் தூக்கிப் போடவில்லை. வாடகை வீட்டில் இருக்கும் என் தம்பிக்குக் கொடுத்தேன்; அவனுடைய வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் விடமாட்டார். அவனுக்கு நான் சொன்னவை இவை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதே, குறிப்பாக திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பு உள்ளதில், அது உயர் அலைவரிசையை விழுங்கிவிடும். மூன்று முனையும் எர்த்தும் உள்ள சுவர் பாயின்ட்டில் நேராகச் செருகு. ஏ.வி.2 வகையில் சில அந்த எர்த் கம்பியையும் பயன்படுத்திக்கொள்ளும். இரண்டிலும் ஜோடி சேர்க்கும் 'Pair' பட்டனை அழுத்திப் புது ரகசியச் சாவி உருவாக்கு. கடையிலிருந்து வந்த பொதுச் சாவியோடு விட்டால் ஒரே கட்டடத்தில் இருப்பவர் உள்ளே நுழைய வழி உண்டு. எல்லாவற்றையும் மாலையில், விளக்குகள் எரியும்போது சோதித்துப் பார்.

அவனுக்கு 60 கிடைக்கிறது. மிக்ஸி ஓடும்போது மட்டும் 20.