டோக்கெலாவா, நியுவேயா: 16 வாக்கில் நின்றுபோன ஒரு கேள்வி

2007 அக்டோபரில், பசிபிக் கடலில் இருக்கும் சின்னத் தீவுக்கூட்டமான டோக்கெலாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. விழுந்த 692 வாக்குகளில் 446 ‘தன்னாட்சி வேண்டும்’ என்றன. மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பது விதி. 16 வாக்கு குறைந்ததால் தீர்மானம் தோற்றது. முந்தைய ஆண்டு பிப்ரவரியிலும் இதே கேள்வி கேட்கப்பட்டு, ஆதரவு 60 சதவீதத்தோடு நின்றுவிட்டது. ஆக, டோக்கெலாவ் இன்றும் நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதிதான், ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது.

அன்று மக்கள் முன் வைக்கப்பட்ட மாற்று வழி புதிதல்ல. அதே பசிபிக்கில், குக் தீவுகளுக்கு அடுத்து நியுவே என்ற தீவும் 1974 அக்டோபரில் அதைத் தேர்ந்தெடுத்தது: நியூசிலாந்துடன் இணைந்தபடியே தன்னாட்சி. குடியுரிமையும் பணமும் நியூசிலாந்துடையவை. சட்டம் இயற்றுவது நியுவே. தலைநகர் அலோஃபியில் கூடும் அதன் பேரவையில் 20 பேர். 14 பேரைக் கிராமங்கள் அனுப்புகின்றன, 6 பேரைத் தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. பிரதமர் அவர்களிலிருந்தே வருகிறார். முதல் பிரதமர் ராபர்ட் ரெக்ஸ் 1992 வரை பதவியில் இருந்தார். நியுவே கேட்காமல் நியூசிலாந்து நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் போட முடியாது. 2023இல் அமெரிக்கா நியுவேயை இறையாண்மையுள்ள நாடாக அங்கீகரித்தது. சுமார் 1,700 பேர் வாழும் தீவுக்கு இது சின்ன விஷயமில்லை.

டோக்கெலாவின் அமைப்பு வேறு மாதிரி. அட்டாஃபு, நுக்குநோனு, பக்காஓபோ என்று மூன்று பவளத்திட்டுகள். மூன்றையும் கூட்டினாலும் நிலம் சுமார் 12 சதுர கிலோமீட்டர்தான். தலைநகர் கிடையாது. தலைமைப் பதவியான ‘உலு’ ஆண்டுதோறும் ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்கு மாறும். மூன்றுக்கும் பொதுவான அவை ‘ஜெனரல் ஃபோனோ’. நியூசிலாந்து நியமிக்கும் நிர்வாகி ஒருவர் மேலே இருக்கிறார். ஃபோனோ போடும் விதியை ரத்து செய்யும் அதிகாரமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் நியுவே எவ்வளவோ மேல். ஆனால் ஊருக்குள் யார் முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்தால் படம் மாறும். டோக்கெலாவில் உண்மையான அதிகாரம் ‘தாவ்புலேகா’ என்னும் ஊர்ப் பெரியவர்கள் சபையிடம் இருக்கிறது. பொது வேலைக்கு ஆள் போவது முதல் மீன் பங்கீடு வரை சபையின் கையில். 2004இல் நாட்டின் அதிகாரமே முறைப்படி இந்த மூன்று சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கிருந்துதான் பொது அவைக்குப் போகிறது. மேலிருந்து கீழே இறங்கும் அதிகாரத்தைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இங்கே அது ஊரிலிருந்து மேலே ஏறுகிறது. எனக்கு டோக்கெலாவ் மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

மீன் பங்கீட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ‘இனாட்டி’ என்பது அதன் பெயர். ஊருக்காகப் பிடித்த மீனைக் கரையில் கொட்டுவார்கள். அதற்கென்றே இருக்கும் ஆட்கள் வீட்டில் எத்தனை தலை என்று பார்த்துக் கூறு போடுவார்கள். நம் கடற்கரைகளில் கூறு போடுவது விற்பதற்கு. அங்கே அது கொடுப்பதற்கு. கடலுக்குப் போக முடியாத கிழவிக்கும் பங்கு உண்டு, கைக்குழந்தைக்கும் பங்கு உண்டு. எந்த அரசியல் சட்டமும் எழுதித் தர முடியாத ஒரு பாதுகாப்பு இது.

சரி, பணம்? இரண்டுமே நியூசிலாந்தின் உதவியை நம்பித்தான் நிற்கின்றன. அதற்கு மேல் டோக்கெலாவுக்குச் சொந்தமாக வருவதில் பெரியது மீன்பிடி உரிமக் கட்டணம். நிலம் துளியூண்டு என்றாலும் அதைச் சுற்றி 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல், அதில் சூரை மீன். நியுவேக்குச் சுற்றுலா கைகொடுக்கிறது. கரைக்கு மிக அருகில் வரும் திமிங்கிலங்களைப் பார்க்கவும், பாய்மரப் படகுகளிலும் ஆட்கள் வருகிறார்கள். இணைய முகவரியின் கடைசியில் வரும் நாட்டுக் குறியீட்டிலும் இருவருக்கும் கதை உண்டு. டோக்கெலாவின் ‘.டிகே’ இலவசமாகக் கொடுக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் உலகிலேயே அதிகப் பதிவு கொண்ட நாட்டுக் குறியீடாக வளர்ந்தது. நியுவேயின் ‘.நு’ ஸ்வீடனில் நன்றாக விற்றது, ‘நு’ என்றால் அவர்கள் மொழியில் ‘இப்போது’ என்பதால். அந்த வருமானம் தன் கைக்கு வரவில்லை என்று நியுவே வழக்குத் தொடுத்தது. மின்சாரத்தில் டோக்கெலாவ் முந்திக்கொண்டது. 2012இல் மூன்று திட்டிலும் 4,000க்கு மேற்பட்ட சூரியத் தகடுகளை நிறுவி, டீசலிலிருந்து கிட்டத்தட்ட முழுமையாக விடுபட்டது. இதற்குத் தன்னாட்சி தேவைப்படவில்லை.

அப்புறம் பயணம். என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டின் மையமே இதுதான். நியுவேயில் விமான நிலையம் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து சுமார் மூன்றரை மணி நேரம். டோக்கெலாவில் விமானம் இறங்க இடமில்லை. சமோவாவின் ஆப்பியாவில் கப்பலேறினால் ஒரு நாளுக்கு மேல் கடல். கப்பலும் கரைக்கு வராது. பவளப்பாறைக்கு வெளியே அது நிற்க, ஆட்களும் அரிசி மூட்டையும் பெட்ரோல் பீப்பாயும் சிறு படகில் இறங்கி, பாறையில் வெட்டிய கால்வாய் வழியாக அலை பார்த்து உள்ளே வர வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படும் நோயாளியும் இதே வழியில்தான் வெளியே போகிறார். அரசு ஊழியர்களில் கணிசமானவர்கள் ஆப்பியாவில் இருந்து வேலை பார்ப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் விமானம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதற்கும் நியுவேதான் பதில். 1960களில் அங்கே 5,000 பேர் இருந்தார்கள். விமான நிலையம் வந்தது, தன்னாட்சி வந்தது, ஜனம் கிளம்பிப் போனது. 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் இருந்த நியுவே வம்சாவளியினர் 30,000க்கும் மேல். தீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளே அதற்குச் சாட்சி. 2004 ஜனவரியில் ஹீட்டா புயல் அலோஃபியின் மருத்துவமனையை அடித்து நொறுக்கியபோது, தீவே காலியாகிவிடும் என்றுகூடப் பலர் பேசினார்கள். ஆனாலும் மருத்துவமனையைத் திரும்பக் கட்டினார்கள், இருந்தவர்கள் இருந்தார்கள். டோக்கெலாவ் மக்களிலும் பெரும்பாலோர் நியூசிலாந்தில்தான். அந்தஸ்து எதுவானாலும் ஒரே பாஸ்போர்ட், ஒரே வாசல்.

2007இல் ‘வேண்டாம்’ என்றவர்களை ஏன் கோழைகள் என்று நினைக்க முடியாது என்பதும் இதில் இருக்கிறது. நியுவே செங்குத்தான கரைகளோடு கடலுக்கு மேல் எழுந்து நிற்கும் பாறை. டோக்கெலாவில் மிக உயரமான இடமே சுமார் 5 மீட்டர். கடல் ஏறினால் போக்கிடம் எது என்று கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அவர்கள். குடியுரிமை போகாது என்று உறுதி சொன்ன பிறகும் மனதில் பயம் இருந்திருந்தால் அது நியாயமான பயம். இன்னொரு குறையும் இருந்தது: திட்டுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே வாக்கு. நியூசிலாந்தில் வாழ்ந்த, எண்ணிக்கையில் அவர்களைவிட அதிகமான உறவுகளுக்கு வாய்ப்பே இல்லை.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், நியுவேயின் வழியைத்தான் சொல்வேன். தன் சட்டத்தில் தானே கடைசிக் கையெழுத்துப் போடும் உரிமைக்கு ஈடு இல்லை. ஆனால் இன்றே மாறச் சொல்ல மாட்டேன். அவசர நோயாளியை அன்றைக்கே ஆப்பியாவுக்குக் கொண்டுபோக ஒரு வழி, கப்பல் பாதுகாப்பாக அணையும் ஒரு துறை, கடல் ஏறினால் குடும்பங்கள் சேர்ந்தே குடியேற ஓர் இடம்: இவை மூன்றும் உடன்படிக்கையில் எழுத்தாக வர வேண்டும். வந்த பிறகு மூன்றாவது முறையாக வாக்குப்பெட்டியை வைக்கட்டும், ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் சேர்த்து.