ஃபைஃபாக்ஸ் ஆப்: மூணு வருஷமா போனைக் கட்டித் தொங்கவிட்ட அனுபவம்

அண்ணன் பையன் பதினொண்ணாவது சேர்ந்தப்போ ஆரம்பிச்சது. தனிச்சீரிசை இயக்கம் (ஊசல், ஸ்பிரிங் மாதிரி ஒரே சீரா முன்னும் பின்னும் ஆடுறது) புரியலை சித்தப்பான்னு வந்தான், நானும் மெக்கானிக்கல் டிப்ளமா படிச்சவனாச்சேன்னு தெனாவட்டா ஊசல் ஃபார்முலாவ எழுதிக் காட்டினேன், "அது புக்லயே இருக்கு, குண்டோட எடை ஏன் அதுல வரலை?"ன்னான் பாருங்க, வாயடைச்சுப் போச்சு.

அப்போ தேடினதுல கிடைச்சதுதான் ஃபைஃபாக்ஸ். ஜெர்மனில ஆஹென் பல்கலைக்கழகத்துக்காரங்க 2016ல விட்டது, ஃப்ரீ, விளம்பரமும் கிடையாது. போன்ல இருக்குற சென்சாரையே லேப் மாதிரி யூஸ் பண்ணிக்கும். என் பழைய போன்ல கைரோஸ்கோப்பே (எவ்ளோ வேகமா சுத்துதுன்னு அளக்குற சென்சார்) இல்ல, ஊசல் ஆப்ஷன் வேலை செய்யலை, அதனால இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி உங்க போன்ல அது இருக்கான்னு பாத்துடுங்க.

அப்புறம் வேற போன் வாங்கி துணிப்பையில போட்டு ஊஞ்சல் கொக்கியில 1 மீட்டர் கயித்துல தொங்கவிட்டோம். ஜி (புவியீர்ப்பு முடுக்கம், 9.8 கிட்ட வரணும்) 9.1 சொச்சம்னு வந்துச்சு. ஆப் தப்புன்னு ஒரு வாரம் திட்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா நான் கயித்த மட்டும் அளந்திருக்கேன், போனோட நடு வரைக்கும் அளக்கணும், அந்த 7 செ.மீ. சேர்த்ததும் 9.7க்கு மேல வந்துடுச்சு. சின்னதாத்தான் ஆட்டணும், 60 டிகிரி இழுத்து விட்டா அலைவுக்காலம் (ஒரு தடவ போயிட்டு வர்ற நேரம்) 7 சதவீதம் கிட்ட கூடிடும்.

எடை கேள்விக்கு வர்றேன். பையில பவர்பேங்க் சேர்த்துப் போட்டும் நேரம் பெருசா மாறலை. எடை ரெண்டு மடங்கானா கீழ இழுக்குற விசையும் ரெண்டு மடங்கு, நகர அடம்பிடிக்கிறதும் ரெண்டு மடங்கு, அடிபட்டுப் போயிடுது. ஆனா அதையே ஸ்பிரிங்ல மாட்டினா கதை வேற, ஸ்பிரிங்குக்கு எடையப் பத்தி என்ன கவலை, எவ்ளோ நீண்டுதோ அவ்ளோதான் இழுக்கும், அதனால கனம் ரெண்டு மடங்கானா நேரம் சுமார் 1.4 மடங்கு ஆகுது. இத புக்ல எத்தனை தடவ படிச்சும் மண்டையில ஏறலை.

கோண உந்தம்தான் (சுத்துற பொருளோட உந்தம், வெளியில இருந்து எதுவும் திருப்பாத வரை மாறாது) உண்மையிலேயே மஜா. சுத்துற ஆபீஸ் சேர், மடியில போன், ரெண்டு கையிலயும் 2 லிட்டர் தண்ணி பாட்டில். கைய நீட்டிட்டு சுத்தவிட்டா நொடிக்கு 2 ரேடியன் (கோணத்த அளக்குற அலகு) காட்டும், மார்போட இழுத்தா சட்டுனு 5 கிட்ட ஏறும். (போன் மடியில இருந்தாலும் சட்டைப் பையில இருந்தாலும் கைரோ ஒரே நம்பர்தான் காட்டும், முடுக்கம்தான் இடத்துக்கு இடம் மாறும்.) "உந்தம் மாறலைன்னா ஆற்றலும் மாறக்கூடாதுல்ல"ன்னு பையன் கேட்டான். மாறும்டா, கூடும், பாட்டில உள்ள இழுக்கும்போது கை வலிக்குதே, அந்த வேலைதான் அங்க போகுதுன்னு சொல்ல எனக்கே ரெண்டு நாள் ஆச்சு. உடனே இழுத்து உடனே படிக்கணும், ஏன்னா சேரோட பேரிங் உராய்வு உந்தத்த தின்னுட்டே இருக்கும்.

குறைன்னா, ஆப் எதையும் சொல்லித்தராது, நம்பரக் காட்டிட்டு கம்முனு இருக்கும், தனியா உக்காந்து படிக்கிற பிள்ளைக்கு இது மட்டும் போதாது. லேப்டாப் பிரவுசர்லயே கிராஃப் பாக்கலாம், அந்த வசதி மட்டும் இல்லன்னா தொங்குற போன்ல போய் பட்டன் அமுக்கியே ஆட்டத்தக் கெடுத்திருப்பேன். பையன் காலேஜ் போயிட்டான், கொக்கியில கயிறு இன்னும் தொங்குது, துணி காயப்போட வசதின்னு அம்மா அவுக்க விட மாட்டேங்கிறாங்க.